ரோடு விழுங்கிய படிகள்

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய விஷயம் இது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன். சிலது மறந்தே போயிருக்கும். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் தெருவுக்கு ரோடு வந்த கதையை எழுதிக் கொடுங்கள் என்று நூலகத்தில் இருக்கிற பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். வாயால் சொல்கிறேன், நீயே எழுதிக்கொள் என்றேன். "நீங்கதான் வாயே தொறக்க மாட்டீங்களே, அதான் எழுதச் சொல்றேன்" என்றாள். அவள் சொன்னதும் சரிதான்.

எங்கள் தெரு பீங்கான் சாமான் செய்கிற தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் பிழைப்பு. என் வீட்டுக்காரரும் சூளையில் இருந்தவர்தான். அவர் போன பிறகு நானும் மகளும் மட்டும். மகள் வீட்டிலேயே பொம்மை வார்க்கிறாள். யானை, பிள்ளையார், உண்டியல் கிளி, இப்படி. முன்னறையில் சுவரோரமாகப் பிளாஸ்டர் அச்சுகள் அடுக்கியிருக்கும். அச்சில் மண் கரைசலை ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே பொம்மை இறுகும். பிரித்தெடுத்து ஓரம் சீவி, பலகையில் காய வைத்து, தள்ளுவண்டியில் பேட்டைச் சூளைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வர வேண்டும். சுடாத பொம்மையைப் பச்சை என்போம். பச்சைக்குத் தண்ணீர் ஆகாது. பட்டால் மறுபடி மண்தான். அச்சுக்கும் வெளித் தண்ணீர் ஆகாது. தெருச் சாக்கடையில் ஒரு தடவை ஊறிய அச்சு பிறகு சரியாக உறிஞ்சாது, தூக்கிப்போட வேண்டியதுதான். எங்கள் இரண்டு பேர் சாப்பாடும் அந்த முன்னறையில்தான் இருக்கிறது.

வீடு கட்டின காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே வருவோம். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த மூன்றாவது படியில் கால் இடித்துக்கொண்டே இருப்பேன். தெருவுக்குத் தார் போட்டார்கள், ஒரு படி போனது. பிறகு அதன் மேலேயே இன்னொரு முறை போட்டார்கள், இன்னொரு படி போனது. மூன்றாவது எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால் நிலைப்படியும் ரோடும் ஒரே மட்டம். அறைக்குள் போவதற்கு இறங்க வேண்டியிருந்தது.

புது ரோடு வருவதற்கு முந்தின வருடம் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. நாங்கள் சாக்கும் துணியும் வைத்து அடைப்பதற்குள் கீழ்ப் பலகை நனைந்தது. அதில் ஒரு வரிசைப் பிள்ளையார் பச்சையாக இருந்தது. முதலில் தும்பிக்கை உட்கார்ந்தது, பிறகு தொந்தி, பிறகு எல்லாம் ஒரே கூழ். மகள் அழவில்லை. அச்சைத் தூக்கு, அச்சைத் தூக்கு என்று கத்தினாள். எங்கே தூக்கிக்கொண்டு போவது? அப்போது மூன்று வீடு தள்ளி இருக்கிற மாடி வீட்டுக்காரர்தான் குடையோடு வந்து, "எங்க வூட்டுக்குக் கொண்டாங்கக்கா, போர்ட்டிகோவுல வைங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டார். அவருடைய வீடு புதிதாகக் கட்டினது, உயரமான அஸ்திவாரம். அன்றைக்கு எங்கள் அச்சுகள் பிழைத்தது அவரால்தான். இதை மறைக்கக் கூடாது, ஏனென்றால் பின்னால் வருகிற சண்டையும் அவரோடுதான்.

மாசி மாதத்தில் ஒருநாள் நகராட்சி ஆட்கள் வந்து எல்லா வீட்டுச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் வாசலில் அந்தக் கோடு நிலைப்படிக்கு மேலே இருந்தது. மகள் சாயங்காலம் சூளையிலிருந்து வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் கையை விரித்து அளந்து பார்த்தாள். சரியாக ஒரு சாண்.

"யம்மா, இது என்னா தெரியுமா? புது சிமெண்டு ரோட்டு மட்டமாம். பழைய ரோட்டு மேலயே போடப் போறாங்களாம்" என்றாள். "அப்பன்னா நம்ம வூடு கெணறுதான்."

ரோடே வேண்டாம் என்று சொல்லவும் எங்களால் முடியாது. அந்தக் குழியிலும் மேட்டிலும் பச்சையை வண்டியில் வைத்துத் தள்ளினால் சூளை போய்ச் சேர்வதற்குள் ஒரு காதோ வாலோ உடையாமல் இருக்காது. வாசலில் குழி விழுந்தால் பேட்டையிலிருந்து பீங்கான் உடைசலைக் கொண்டுவந்து கொட்டி மிதித்துவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். கிராவல் மண்ணை விலை கொடுத்து வாங்க வேண்டும், உடைசல் சும்மா கிடைக்கும். ஆனாலும் அடுத்த மழைக்கு அது கீழே அமுங்கிவிடும், மறுபடி கொட்டுவோம். ஆக ரோடு வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும். அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது.

இதைப் பேசுவதற்கு வார்டு கூட்டம் வைத்தார்கள். அன்றைக்கென்று மகளுக்குச் சூளையில் சுடுகிற முறை வந்துவிட்டது. விட்டால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது. "நீ போ" என்றாள். "ஒரே வார்த்த. பழைய ரோட்ட சொரண்டிட்டுப் போடுங்க. இதச் சொல்லிட்டு வந்துடு, வேற ஒண்ணும் பேச வேணாம்." வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனேன். எதிரில் வந்த பால்காரம்மா, "என்னாங்க, தானா பேசிக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள்.

கூட்டம் அங்கன்வாடியில். குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலிகளைத்தான் போட்டிருந்தார்கள். நகராட்சி இன்ஜினியர் இளவயசுப் பையன். அந்த நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எங்கள் வார்டு கவுன்சிலர். அந்தப் பெண்ணும் பேட்டையில் டீக்கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேலை பார்த்துவிட்டு எலெக்‌ஷனில் நின்றவள்தான். நான் கடைசியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இன்ஜினியர் சொன்னார், "இருக்கிற ரோட்டு மேலயே காங்கிரீட்டு போடுறோம். ரெண்டு பக்கமும் வாய்க்கா உண்டு. சொரண்டுற வேல எஸ்டிமேட்லயே இல்லீங்க."

எங்கள் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் எழுந்தார். அவருக்கு எப்போதும் குரல் கொஞ்சம் பெரிசு. "சார், வாய்க்கா எங்க வூட்டு நெலைக்கு மேல இருக்கும். எங்க வூட்டுத் தண்ணி ஏணி வச்சி ஏறிப் போவுமா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. மாடி வீட்டுக்காரரும் சிரிக்கவில்லை. "தம்பி, நக்கல் பண்ணாத. எத்தன வருஷமா மனு குடுத்துக் குடுத்து இப்பதான் வந்துருக்குது. மார்ச்சுக்குள்ள வேலைய முடிக்கலன்னா வேற வார்டுக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க. அப்பறம் குழியில வுழுந்து வுழுந்து எழுந்திரி" என்றார்.

"நீங்க சொல்லுவீங்கண்ணே. உங்க வூடு கப்பலாட்டம் நிக்குது. அதுக்குக் கடலு எங்க வூடுதானே."

"நீ ஏன்டா பள்ளத்துல கட்டின?"

"பள்ளத்துல எங்கண்ணே கட்டுனேன்? எங்கப்பா கட்டினப்ப மேடுதான். ரோட்ட ஏத்திக்கினே போனா வூடு என்னா பண்ணும், நெட்டி முறிச்சி எழுந்து நிக்குமா?"

மாடி வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. புது ரோடு உயர்ந்து வரும் என்று கணக்குப் பண்ணித்தான் அவர் வாசலில் காருக்குச் சரிவு கட்டியிருந்தார். இப்போதே அது ரோட்டுக்கு மேலே ஒரு சாண் தூக்கலாகத்தான் நின்றது. ரோடு உயர்ந்தால்தான் கார் தரை தட்டாமல் உள்ளே போகும். அவர் பக்கத்து நியாயம் அது. இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தெருவில் மேட்டில் இருக்கிற மேல் பக்கத்துக்காரர்கள் ஒரு பேச்சு, பள்ளத்தில் இருக்கிற கீழ்ப் பக்கத்துக்காரர்கள் ஒரு பேச்சு. கவுன்சிலர் மேசையைத் தட்டினாள். "சண்ட போடத்தான் வந்தீங்களா? இந்த மாதிரியே ரோடு வந்தா சம்மதம்ங்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. மேல் பக்கம் முழுக்க. கீழ்ப் பக்கத்திலும் பாதிப் பேர், ரோடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் தூக்கிவிட்டார்கள். ஆட்டோக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் என் கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த வார்த்தை மறந்துபோய்விட்டது.

"அந்த அம்மா தூக்கலையே" என்று இன்ஜினியர் என்னைக் காட்டினார்.

எல்லாத் தலையும் திரும்பியது. எழுந்து நின்றேனா உட்கார்ந்தே சொன்னேனா தெரியவில்லை. "தண்ணி வூட்டுக்குள்ள வருதுங்க" என்றேன். அதுதான் வந்தது.

மாடி வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, கோபமில்லாமல்தான் கேட்டார். "அக்கா, மழ வந்தா எங்க வூட்டுல கொண்டாந்து வச்சிக்கோங்க. போன தடவ வேணாம்னா சொன்னேன்?"

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு மழைக்கும் இன்னொருவர் கேட்டைத் தட்டிக்கொண்டு நிற்க முடியுமா என்று எனக்குள் கேள்வி இருந்தது. சொன்னால் செய்த உதவியைக் குத்திக் காட்டுவது போல ஆகிவிடும். தலையைக் குனிந்துகொண்டேன். கவுன்சிலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. நாளைக்குக் காத்தால நானும் சாரும் வந்து நேர்ல பாக்குறோம். அதுக்கப்பறம் முடிவு பண்ணலாம்" என்றாள்.

மகள் வந்ததும் முதல் கேள்வி, "சொரண்டச் சொன்னியா?"

"தண்ணி வருதுன்னு சொன்னேன்."

"அது ஊருக்கே தெரியுமே! அதச் சொல்லவா ஒன்ன அனுப்புனேன்?" தட்டை வேகமாக வைத்தாள். பிறகு, "வர்றாங்கல்ல, வரட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். கவுன்சிலர் பழகின வீடு மாதிரி இறங்கி உள்ளே வந்துவிட்டாள். இன்ஜினியர் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, கீழே தரை எங்கே என்று காலால் தேடி வந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். மகள் ஒரு தாம்பாளத்தை அவர்கள் முன்னால் வைத்தாள். பலகையிலிருந்து ஒரு பச்சை யானையை எடுத்து அதில் நிறுத்தினாள். முந்தின வாரம் வார்த்தது, நன்றாகக் காய்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. சொம்பிலிருந்து தண்ணீரை மெதுவாகத் தாம்பாளத்தில் ஊற்றினாள், யானையின் பாதம் முழுகுகிற அளவுக்கு.

"டீ குடிங்க சார்" என்றாள்.

முதலில் யானைக் காலைச் சுற்றி நுரை மாதிரி குமிழி வந்தது. பிறகு கால் ஓரம் உதிர ஆரம்பித்தது. இன்ஜினியர் டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு கால் மடங்கியது. யானை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்ல உட்கார்ந்து, தும்பிக்கையைத் தண்ணீரில் வைத்தது. இன்ஜினியர் விரலால் தொட்டார். சேறு.

"இது சுடாததா?"

"ஆமாங்க சார். சுட்டதுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா எங்க வூட்டுல எப்பப் பாத்தாலும் சுடாததுதான் இருக்கும்."

கவுன்சிலர் எழுந்து வெளியே போய்ச் சுவரில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். பேட்டையில் வேலை பார்த்தவள், அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "சார், எதாவது பண்ணுங்க" என்றாள். இன்ஜினியர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "மெயின் ரோட்டு வேலைக்கு சொரண்டுற மிஷினு வந்துருக்குது. காண்ட்ராக்டர்கிட்ட கேட்டு ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் திருப்பி வுடச் சொல்றேன். ஆனா ஒரு தடவதான். திரும்பக் கூப்பிட்டா வராது" என்றார்.

மகள் அன்றைக்கு எனக்கு இரண்டு தோசை கூடப் போட்டாள்.

மிஷின் வந்தது. லாரியை விடப் பெரிசாக, அடியில் பல் வைத்த உருளையோடு. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. மேல் கோடியில் ஆரம்பித்தது. தார் கறுப்பாகப் பொடிந்து வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். அது வீடுகள் நெருக்கமாக இருக்கிற இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. மரமரவென்று இருந்தது கடகடவென்று ஆகியது. உருளைக்கு அடியிலிருந்து வெள்ளைத் துண்டுகள் தெறித்தன. பீங்கான் சில்லு. கண்ணாடி போல அதற்கு ஓரமெல்லாம் கூர். ஒன்று எதிர் வீட்டு ஜன்னலில் பட்டுத் தெறித்தது. இன்னொன்று பக்கத்தில் நடந்து வந்த வேலையாளின் கணுக்காலில் பாய்ந்தது. அவர் "அம்மா" என்று உட்கார்ந்துவிட்டார். இரத்தம் செருப்புக்குள் போனது. நான் ஓடிப்போய்ப் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

மிஷின் நின்றது. காண்ட்ராக்டர் இறங்கி வந்து தரையைக் காலால் கிளறினார். பியூஸ் கட்டை, கோப்பைக் கைப்பிடி, பொம்மைத் தலை, குழாய் உடைசல். தாருக்கு நடுவே, மேலே, கீழே, எங்கு பார்த்தாலும் அதுதான்.

"இது ரோடா? பீங்கான் குப்ப மேடா? தாருன்னா அறுக்கும். இது அறுக்காது, தூக்கி அடிக்கும். எவனாவது கண்ணப் பறிகுடுத்தா யாரு பதில் சொல்றது? சார், மேலயே போட்டுட்டுப் போயிடலாம் சார்."

இன்ஜினியர் கோபமாக எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்களே கொட்டுவீங்க, நீங்களே சொரண்டச் சொல்லுவீங்க. நான் மேல என்னான்னு பதில் சொல்றது?"

யார் கொட்டினது என்று கேட்டால் யாரைக் காட்டுவது? எல்லா வீட்டு வாசலிலும் எல்லாரும் கொட்டினோம். மழை வந்தால் கொட்டுவோம், ஆடிக் காற்றில் மண் பறந்தால் கொட்டுவோம். பேட்டைக்காரர்களைத் தவிர வேறு யாரும் ரோட்டை இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

மாடி வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்றார்.

மகள் முன்னால் போனாள். "கையால எடுத்துக் குடுத்தா மிஷினு ஓட்டுவீங்களா சார்?"

காண்ட்ராக்டர் சிரித்தார். இன்ஜினியர் சிரிக்கவில்லை. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மிஷின நிறுத்தி வைக்கிறேன். இந்த முக்குலேர்ந்து உங்க வூடு வரைக்கும் சுத்தமா எடுத்துருக்கணும். நடுவுல ஒரு வூட்டு வாசல் பாக்கி இருந்தாலும் மிஷினு அந்த எடத்துலயே நிக்கும். அப்பறம் என்னக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகளும் ஆட்டோக்காரரும் யார் யார் வருவார்கள் என்று பேசிக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பேசத் தெரியாது. கொல்லையில் இருந்த கடப்பாரையை எடுத்துவந்து, எங்கள் வாசலில் உட்கார்ந்து நெம்ப ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நிழல் விழுந்தது. ஆட்டோக்காரர் பொண்டாட்டி இரும்புச் சட்டியோடு வந்து உட்கார்ந்தாள். பிறகு எதிர் வீடு. வெயில் சாய்கிற நேரத்துக்குள் கீழ்ப் பக்கம் முழுக்க ஆட்கள். மறுநாள் காலையிலும் விடிந்ததும் உட்கார்ந்துவிட்டோம். ஆரம்பத்தில் எல்லாருக்கும் எரிச்சல், போகப்போகப் பேச்சு வந்தது.

"ஏய், இது உங்க வூட்டுக் கிளிடி. மூக்கு கோணலா வார்த்தது நீதானே?"

"உங்க மாமியார் மூக்கப் பாத்து வார்த்தேன்."

"இந்தக் கைப்பிடியெல்லாம் கவுன்சிலரம்மா ஒட்டினதா இருக்கும். பத்திரமா எடுத்து வை, அடுத்த எலெக்‌ஷனுக்குக் காட்டலாம்."

கவுன்சிலரும் அங்கேதான் இருந்தாள், சட்டி தூக்கிக்கொண்டு. "ஒட்டுனது நானு. ஒடச்சது நீங்க" என்றாள்.

எல்லாருடைய வாசலும் முடிந்து வந்தது, மாடி வீட்டு வாசல் மட்டும் அப்படியே இருந்தது. கேட் சாத்தியிருந்தது. மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. மிஷின் முக்கில் வந்து நின்றுவிட்டது. ஆட்டோக்காரர் கேட்டைத் தட்டப் போனார். மகள், "நீ போனா சண்டதான் வரும்ணே" என்று தடுத்தாள். அதற்குள் கேட் திறந்து அவரே வெளியே வந்தார். வேறு யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்து நின்றார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், கையெல்லாம் கீறல்.

"அக்கா, ரோடு எறங்குனா என் சரிவு அந்தரத்துல நிக்கும். காரு உள்ள போவாது. தெரியுதா ஒனக்கு?"

தெரியும். கூட்டத்தில் அவர் கேட்ட கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லாமல் இருந்தால் அது ஏமாற்றுவது மாதிரி.

"ஆமாங்க தம்பி. நிக்கும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சமாதானம் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. என்னிடம் இருந்தது அவ்வளவுதான். திரும்பி உள்ளே போனார். கேட் சாத்துகிற சத்தம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் ஒரு கடப்பாரையோடு வந்தார். அதை ஆட்டோக்காரர் காலடியில் ணங்கென்று போட்டார். "எங்க வாசல்ல நீங்களே நோண்டிக்குங்க. நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெருவே அந்த வாசலில் விழுந்தது. எத்தனை கை என்று சொல்ல முடியாது. இன்ஜினியர் வந்து கடைசிச் சட்டியைத் தூக்குகிற வரை பார்த்துக்கொண்டிருந்து, பிறகு கையைக் காட்டினார். மிஷின் நகர்ந்தது. இந்த முறை மரமரவென்றுதான் சத்தம்.

உடைசல் எடுத்த இடங்களில் தரை தானாகவே இன்னும் ஆழமாகிவிட்டது. மிஷின் எங்கள் வாசலைத் தாண்டிப் போன பிறகு மகள், "யம்மா, இங்க பாரு" என்று கத்தினாள். நிலைப்படிக்குக் கீழே ஒரு கல் தெரிந்தது. மேல் விளிம்பில் ஒரு மூலை உடைந்திருந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் கால் இடித்துக்கொண்ட படி அது. காணாமல் போன மூன்றாவது படி. அதைத் துடைப்பத்தால் பெருக்கிக் கழுவினேன். காங்கிரீட் போட்ட பிறகு அதில் பாதி மறுபடி உள்ளே போய்விட்டது. பாதி வெளியே இருக்கிறது. பாதிப் படியானாலும் இப்போது வீட்டுக்குள் வர ஏறித்தான் வரவேண்டும்.

மாடி வீட்டுச் சரிவு அவர் சொன்ன மாதிரியே அந்தரத்தில் நின்றது. கொஞ்ச காலம் கார் தெருவில்தான் கிடந்தது. பிறகு அவரே ஆள் வைத்து வெட்டி மறுபடி கட்டிக்கொண்டார். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கடையில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அது எனக்குப் பெரிய கஷ்டம்தான். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. மகள் முன்னெச்சரிக்கையாக அச்சுகளை எல்லாம் கட்டில் மேல் ஏற்றி வைத்துவிட்டாள். இரண்டு பேரும் நிலைப்படிக்கு உள்பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஓரத்தில் ஓடியது, பிறகு நடு ரோட்டுக்கு வந்தது, பிறகு எங்கள் பாதிப் படியைத் தொட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் மெல்ல ஏறியது. உடைந்த மூலையை மூடியது. நிலைப்படிக்கு இரண்டு விரல் கீழே நின்று, கொஞ்ச நேரம் அங்கேயே தளும்பிக்கொண்டிருந்தது. பிறகு வாய்க்காலில் இழுத்துக்கொண்டு வடிந்தது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. கீழ்ப் பலகையில் இருந்த பச்சை எல்லாம் அப்படியே வெள்ளையாக இருந்தது.

அப்போதுதான் எதேச்சையாக அந்தப் பக்கம் பார்த்தேன். அந்த மழையில் மாடி வீட்டு கேட் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தது. போர்ட்டிகோ காலியாக இருந்தது, விளக்கு எரிந்தது.

எனக்குச் சந்தேகமாக இருக்கிற சிலவற்றை விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது. சிவப்புக் கோடு ஒரு சாண் உயரம்தானா, கொஞ்சம் குறைவா என்று ஆட்டோக்காரரைக் கேட்கலாம். காலில் அடிபட்ட ஆள் எந்த ஊர்க்காரர், இப்போது நன்றாக நடக்கிறாரா என்று நகராட்சியில் கேட்டால் தெரியும். கடைசியாக ஒன்று. அன்றைக்கு அந்த கேட் கார் வருவதற்காகத் திறந்திருந்ததா, எங்கள் அச்சுகளுக்காகத் திறந்திருந்ததா. அதை யாராவது அவரிடமே கேட்டு இங்கே திருத்தி எழுதிவிடுங்கள். என்னால் போய்க் கேட்க முடியாது.